பேர் சொல்லாமல் சொன்னது

“இந்த ரெண்டு மாசத்தை என்ன சாமி பண்ணினே?”

அறக்கட்டளைத் தலைவர் அருணகிரி இதைக் கேட்டுவிட்டு மைக்கை அவள் வாயருகே நீட்டினார். சண்முகப்பிரியா கூட்டத்தைப் பார்த்தாள். எதிரே குலக்கோயில் மண்டபம் கொள்ளாத சனம். எல்லாரும் பங்காளிகள், ஒரே தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள், பெரியப்பா சித்தப்பா என்று முறை சொல்லிக் கூப்பிட வேண்டியவர்கள். அந்நியர் என்று ஒருத்தர்கூட இல்லை. அதனால்தான் கூச்சம் கூடுதலாக இருந்தது.

கேள்வி ஒன்றும் புதிதில்லை. வருடா வருடம் ஆனிப் பூசை முடிந்து பந்திக்கு முன்னால் பிளஸ் டூ முடித்துப் பேர் கொடுத்த பிள்ளைகளை மேடையேற்றி அருணகிரி இதைத்தான் கேட்பார். மார்க்கைக் கேட்கவே மாட்டார். “மார்க்கு வாத்தியார் போடறது. லீவு நீயாப் பாத்துச் செலவளிக்கறது. எனக்கு அதுதான் தெரியோணும்” என்பார். யாருடைய பதில் அவருக்குப் பிடிக்கிறதோ அந்தப் பிள்ளைக்குக் கோயமுத்தூரில் அறக்கட்டளை நடத்தும் விடுதியில் இடம் கிடைக்கும். ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கு, பெண்பிள்ளைகளில் ஒருவருக்கு. படிப்பு முடிகிற வரைக்கும் சோறும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு.

சண்முகப்பிரியாவுக்கு அங்கே ஒரு கல்லூரியில் பி.காம். படிக்க இடம் வந்திருந்தது. அப்பா நாச்சிமுத்து திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்தத்தில் நாலு தறி வைத்து ஓட்டுகிறவர். அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். “அந்த விடுதி கெடைச்சாப் போ. இல்லீன்னா தறிக்கு நூல்தார் சுத்திக்கிட்டு ஊட்ல இரு. வெளியில தங்க வெச்சுப் படிக்க வெக்க நம்மால ஆகாது.”

அவளுக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பெரிய காரியங்கள் செய்திருந்தார்கள். கோகுல்ராஜ் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்க் கணக்கு எழுதப் பழகியதோடு, அப்பாவின் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயும் தானே போட்டிருக்கிறான். அறிவுச்செல்வி எழுந்து வந்து கடகடவென்று இங்கிலீசில் பேசினாள். என்ன சொன்னாள் என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. அதனாலேயே கைதட்டல் பலமாக இருந்தது.

சண்முகப்பிரியாவும் மே மாதம் பிறந்தபோது ஆசைப்படாமல் இல்லை. டைப்ரைட்டிங் போக வேண்டும், பேப்பர் படிக்க வேண்டும், ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்றெல்லாம் நினைத்தாள். நாட்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. தார் சுற்றினாள், போன் பார்த்தாள், மத்தியானம் தூங்கினாள். உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. அதை வெளியில் சொல்லக் கூடாது.

அது ரஞ்சிதாவின் சங்கதி.

ரஞ்சிதா பக்கத்துத் தெரு. பங்காளி வீட்டுப் பிள்ளை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ரிசல்ட் வந்தபோது கணக்குப்பதிவியலில் அவள் தவறியிருந்தாள். மற்றப் பாடமெல்லாம் தேறியிருந்தது. அவளுடைய அப்பா கதிர்வேல் அப்போது லாரியில் குஜராத் பக்கம் போயிருந்தார். மகள் படிப்பைப் பற்றி அவர் வைத்திருந்த சட்டம் ரொம்பச் சுருக்கமானது: தேறினால் எதுவரைக்கும் வேண்டுமானாலும் படிக்கட்டும், தவறினால் அன்றோடு சரி, திருப்பூரில் அவர் தங்கை வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார். அவர் வாயால் சொன்னால் சொன்னதுதான்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் ரஞ்சிதாவும் அவள் அம்மா உஷாராணியும் நாச்சிமுத்துவின் தறிக்கூடத்தின் பின்பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தபோது, யோசனை சொன்னது சண்முகப்பிரியாதான்.

“இப்பச் சொல்ல வேண்டாம் சின்னம்மா. பாஸுன்னு சொல்லிருங்க. அடுத்த மாசம் துணைத் தேர்வு வருது. எளுதித் தேறீட்டாப் பொய்யும் நெசமாயிரும். சித்தப்பா லோடு எறக்கி லோடு ஏத்தி ஊரு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும்.”

உஷாராணி பயந்தாள். “அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா என்னைய உசுரோட உடமாட்டாரு கண்ணு.”

“எப்படித் தெரியும்? நான் சொல்லிக் குடுக்கறன். இவள தேத்த வெக்கறது எம்பட பொறுப்பு.”

அப்படித்தான் தினம் மத்தியானத்துக்கு மேல் தறிக்கூடத்தில் பாடம் நடந்தது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காது, வெளியில் யாருக்கும் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. “கூட்டாளி வெலகினா அவன் பங்கை எங்கடீ எளுதுவே?” என்று இவள் கத்துவாள். “பற்றுலயா வரவுலயா?” என்று அவள் திருப்பிக் கத்துவாள். தப்பாகச் சொன்னால் தார்க் குச்சியால் மண்டையில் ஒரு தட்டு. நூல் இழுக்க வரும் பொன்னாயி அத்தை தாண்டிப் போகும்போதெல்லாம், “என்னங்கடி, ரெண்டு பேரும் பாகப் பிரிவினைக்கு நிக்கற மாதிரியே கத்தறீங்க” என்று சிரித்துவிட்டுப் போவாள்.

ரஞ்சிதா மந்தமில்லை. அவசரக்காரி, அவ்வளவுதான். ஜூன் பாதிக்குள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் ஒரு பெரிய கணக்கைத் தனியாகப் போட்டு இரண்டு பக்கமும் சமமாக வந்ததும், பஞ்சு படிந்த தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் சண்முகப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ எனக்குச் சொல்லிக் குடுத்தேன்னு ஆருகிட்டயும் சொல்லாதே புள்ள. தேறினதுக்கப்புறமும் சொல்லாதே. எனக்கு மானம் போயிரும்.”

“நான் எதுக்குடீ சொல்றேன்” என்றாள் சண்முகப்பிரியா. மனதாரத்தான் சொன்னாள்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குலக்கோயில் பூசை வந்தது. லாரிக்காரர்கள் எந்தச் சீமையில் இருந்தாலும் ஆனிப் பூசைக்கு வண்டியை எங்காவது போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கதிர்வேலும் வந்திருந்தார். காலையில் கோயில் வாசலில் சண்முகப்பிரியாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, எம்பட மக. வா சாமி. நீயும் ரஞ்சியும் ஒரே காலேசாப் பாத்துச் சேந்துக்கோங்க. அவ ஒண்டி இருந்தா வெசனப்படுவா.” தோளில் கிடந்த பையிலிருந்து ஒரு பிடி மிட்டாயை அள்ளி அவள் கையில் வைத்தார். “எம்புள்ள பாஸுன்னதும் வண்டி நின்ன எடத்துல எல்லாம் குடுத்துட்டு வாரேன். இந்தி பேசறவனுக்குங்கூடக் குடுத்தேன், போ.”

மேடைக்குப் பேர் கொடுக்காத ரஞ்சிதா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

எல்லாம் தெரிந்துதான் சண்முகப்பிரியா மேடை ஏறினாள். கதிர்வேல் முன்வரிசையில் லாரிக்காரர்களோடு உட்கார்ந்திருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

“சொல்லு சாமி, கூச்சப்படாதே” என்றார் அருணகிரி. “சும்மா இருந்திருந்தாலும் சும்மா இருந்தேன்னு சொல்லு. அதும் ஒரு பதில்தான்.”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குக் காது சுட்டது. கோகுல்ராஜும் அறிவுச்செல்வியும் மேடையின் ஓரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் செய்யாத சோம்பேறி என்று இத்தனை பேர் முன்னால் நிற்பதா? அப்பா எங்கேயோ கடைசி வரிசையில் தலையைக் குனிந்திருப்பார். விடுதி அறிவுச்செல்விக்குப் போய்விடும். தார் சுற்றும் மெஷின் அவள் கண்முன் வந்து நின்றது.

பேர் சொல்லாமல் சொன்னால் என்ன?

“நான்... பாடம் சொல்லிக் குடுத்தனுங்க” என்றாள்.

“ஆருக்கு?”

“நம்ம பங்காளிப் பொண்ணு ஒருத்திக்குத்தானுங்க. பிளஸ் டூ-வில ஒரு பாடம் போயிருச்சு. மறுபடி எளுதறதுக்குத் தெனமும் சொல்லிக் குடுத்தேன். இப்ப நல்லாப் போடறா. கண்டிப்பாத் தேறிருவா.”

 எழுந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவ்வளவு சனத்தில் முதலில் கை தட்டியவர் கதிர்வேல். “பாருய்யா, புள்ளைன்னா இப்படி இருக்கோணும்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சத்தமாகச் சொன்னதால் மேடை வரைக்கும் கேட்டது.

அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. “கேட்டீங்களா? எல்லாரும் தனக்குத் தனக்குன்னு படிச்சாங்க. இந்தப் புள்ள இன்னொருத்திய கை தூக்கி உட்டிருக்குது. ஆரு சாமி அந்தப் பொண்ணு? மேல வரச் சொல்லு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பொன்னாடை.”

“பேரு வேண்டாமுங்க பெரியப்பா.”

“அட, நம்ம பங்காளிக கூட்டத்துல என்ன ஒளிவு மறைவு?”

அவள் பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னாயி அத்தை எழுந்து நின்றாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. “வேற ஆரு, நம்ம ரஞ்சிதாதானுங்க! தெனம் தறிக்கூடத்துல ரெண்டும் அந்தக் கத்துக் கத்தும். நான் சண்டைன்னுதான் நெனைச்சேன், பாடமாமா!”

கதிர்வேலின் கைகள் தட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே நின்றன. அவர் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். உஷாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவருக்கு வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் அவரிடம் மிட்டாய் வாங்கித் தின்றவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

“வா சாமி, எந்திரிச்சு வா, தோத்தா என்ன இப்போ?” என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் அருணகிரி. நல்ல மனிதர். அவருக்கு எதுவும் தெரியாது.

ரஞ்சிதா வந்தாள். வராமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பொன்னாடையைப் போர்த்தினார்கள். ஒரு துணிக்குள் தோளும் தோளும் உரசி நின்றபோது ரஞ்சிதா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போட்டோக்காரர், “கொஞ்சம் சிரிங்க அம்மிணி” என்றார். பந்தி முடிவதற்குள் அந்தப் படம் பங்காளிகள் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. ‘தோல்வியுற்ற தங்கையைக் கரையேற்றிய தமக்கை’ என்று யாரோ தலைப்பு வேறு போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வகுப்புத் தோழிகள் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது.

விடுதி இடம் சண்முகப்பிரியாவுக்கே கிடைத்தது. நாச்சிமுத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கும்போது மட்டும், “கதிர்வேலன் சாப்படாமப் போயிட்டான்” என்றார்.

மறுநாள் காலை அவள் ரஞ்சிதா வீட்டுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. கதிர்வேல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க. உக்காருங்க.”

பிறந்ததிலிருந்து அவளை அவர் சாமி என்றும் கண்ணு என்றும் கூப்பிட்டுத்தான் பழக்கம். ஒறம்பரையாக விருந்துக்கு வந்த புது ஆளிடம் பேசுவது போல் இருந்தது இந்த வாங்க. கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட அவள் வாங்கிக்கொண்டு நின்றிருப்பாள்.

“சித்தப்பா, நான் பேரு சொல்லலீங்க. பொன்னாயி அத்தைதான்...”

“தெரியுமுங்க. நீங்க சொல்லல.”

உள்ளேயிருந்து ரஞ்சிதாவும் உஷாராணியும் வந்து நிலைப்படியில் நின்றார்கள். அழுது அழுது உஷாராணியின் முகம் வீங்கியிருந்தது. கதிர்வேல் மகள் பக்கம் திரும்பினார்.

“நேத்திருந்து கேக்கறேன். வாயத் தொறக்க மாட்டீங்கறீங்க. இப்ப வந்தவங்களுக்கு முன்னாலயே கேக்கறேன். எங்கிட்டப் பொய் சொல்லோணும்னு ஆரோட ரோசனை?”

 உஷாராணி தலையைத் தூக்கி சண்முகப்பிரியாவை ஒரு பார்வை பார்த்தாள்.

“அடுத்தவங்க சொல்லிக் குடுத்திருந்தா, சின்னப் புள்ள, பயத்துல தலையாட்டிருச்சுன்னு உட்டர்றேன். பரிச்சையக்கூட எளுதிட்டுப் போகட்டும். எம்பட புள்ளையே ரோசிச்சு, நான் ஊருக்கெல்லாம் மிட்டாய் குடுக்கறதை வேடிக்கை பாத்துட்டு இருந்திருந்தா, அது வேற. சொல்லு. ஆரோடது?”

சண்முகப்பிரியா வாயைத் திறந்தாள். ‘என்னோடதுங்க’ என்ற ஒரு சொல்தான். நாளைக்கே இது அருணகிரி காதுக்குப் போகும். அப்பனிடம் பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தவளா கை தூக்கிவிட்டவள் என்பார். கோயமுத்தூர், விடுதி, புதுப் பை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். 

ரஞ்சிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  அப்புறம் அப்பாவிடம் திரும்பினாள்.

“என்னோடதுதானுங்கப்பா.”

கதிர்வேல் தலையை ஆட்டினார். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். “சரி. புதன்கிழமை காலையில பஸ்சுக்கு ரெடியா இரு. அத்தை வந்து கூட்டிக்கும்.” இவளைப் பார்த்து, “நீங்க நல்லாப் படிங்க” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, மெய்யாகவே வாழ்த்தினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பரீட்சையும் அதே புதன்கிழமைதான்.

இடையில் ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாள் முழுக்கச் சண்முகப்பிரியா தறிக்கூடத்தில் தார் சுற்றினாள். யாரும் சொல்லாமலேயே சுற்றினாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பாராட்டாக வந்த செய்திகளைத் திறக்கவே இல்லை. போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் தெருமுனை வரைக்கும் போனாள், அவர் ‘வாங்க’ என்பாரே என்று நினைத்ததும் கால் திரும்பிக்கொண்டது. தான் கெட்டவள் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தாள். பேர் சொல்லவில்லை என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஒன்றும் வாய்க்குள் புளித்துப் போயிருந்தது.

புதன்கிழமை காலை பல்கூடத் துலக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஈரோட்டு பஸ். அதில் ஏறி அங்கிருந்து திருப்பூர் போகலாம். அந்தப் பக்கம் நின்றால் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் போகும் பஸ். கதிர்வேலும் ரஞ்சிதாவும் இந்தப் பக்கம்தான் நின்றிருந்தார்கள், கூடவே திருப்பூர் அத்தையும். ரஞ்சிதா காலடியில் ஜிப் வைத்த பெரிய பை. கதிர்வேலின் பைக் புளியமரத்தடியில் நின்றது.

“சித்தப்பா.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “சித்தப்பா, அந்த ரோசனை என்னோடதுங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கு நாந்தான் சொன்னேன். சின்னம்மா வேண்டாம்னாங்க, இவ அழுதுட்டு நின்னா. நாந்தான் பாஸுன்னு சொல்லச் சொன்னேன். அன்னைக்கு நீங்க கேட்டப்ப... விடுதி போயிருமின்னு வாய மூடிட்டு நின்னுட்டனுங்க. இவள அனுப்பாதீங்க.”

நிறுத்தத்தில் பால்கேனோடு நின்றவரும் கம்பெனிக்குப் போகிற இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். யார் பார்த்தால் என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

கதிர்வேல் அவளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

“ஏஞ்சாமி, அப்படியா?” என்று மகளைக் கேட்டார். “அப்படின்னா ஒரு வார்த்தை சொல்லு. இன்னும் நேரமிருக்குது. வண்டிய எடுத்தா மணியடிக்கறதுக்குள்ள கொண்டுபோய் உட்டுருவேன். சொல்லு கண்ணு. அவ சொல்றது நெசமா?”

ரஞ்சிதா சண்முகப்பிரியாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சண்முகப்பிரியா காலில் விழுந்திருப்பாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. மறுபடியும் இவள் கையால் தூக்கி விடப்படுவதா, மறுபடியும் ஒரு துணிக்குள் இவளோடு நிற்பதா என்ற களைப்புத்தான் இருந்தது. பரீட்சை அறையில் அந்தப் போட்டோவைப் பார்த்த அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள் என்பது சண்முகப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“சொல்லுடீ” என்று கெஞ்சினாள். “ஆமான்னு சொல்லு. உனக்கு எல்லாம் தெரியும், நீ தேறிருவே.”

வளைவில் ஹாரன் கேட்டது. ஈரோட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர், “ஏறுங்க ஏறுங்க, உள்ள எடமிருக்குது” என்று கம்பியைத் தட்டினார். அத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்தாள். கதிர்வேல் கையில் பைக் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

ரஞ்சிதா குனிந்து பையைத் தூக்கினாள். அப்பாவின் கையை ஒரு தரம் தொட்டாள். பிறகு படியில் கால் வைத்து, வாயே திறக்காமல், பஸ்ஸுக்குள் ஏறிப் போனாள்.